கேட்காமல் படித்துவிட்ட மகனுக்கு

மகனே,

நலமா என்று கேட்டு இதைத் தொடங்கப்போவதில்லை. நீ நலமாக இருப்பதை வாரம் இருமுறை படத்தோடு பார்க்கிறேன். நான் நலமா என்பதை நீ வேறு வழியில் தெரிந்துகொள்கிறாய். அந்த வழியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். இது தபாலில் வராது, போனிலும் வராது. நம் சபையின் மாத இதழில் அச்சாகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஆட்கள் வீடு போய்ச் சேருவதற்குள் யாராவது படம் பிடித்து உனக்கு அனுப்பிவைப்பார்கள். என்னைப் பற்றி நீ சொன்னது ஆலயத்து ஒலிபெருக்கி வழியாக ரோட்டில் சாயாக்கடை வரைக்கும் கேட்டது. என் பதில் மட்டும் ஏன் காதோடு காதாக இருக்க வேண்டும்? இதழ் ஆசிரியர், ஓய்வுபெற்ற வாத்தியார், வாசித்துவிட்டு மூன்று இடங்களை எடுத்துவிடலாமே என்றார். எடுக்கவில்லை. எனக்கு வேண்டியது ஒன்றுதான். ஞாயிறுதோறும் வாசிக்கிற ஜெபக் குறிப்பிலிருந்து என்னை எடுக்க வேண்டும். எடுக்கச் சொல்ல உன்னால் மட்டும்தான் முடியும் என்கிறார்கள். அதனால் உனக்கு எழுதுகிறேன்.

உனக்குத் தெரிந்த சில விஷயங்களை இதழ் வாசிக்கிறவர்களுக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். சுசீந்திரம் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை போட்டபோது அந்த இயந்திரத்தை எப்படித் திறப்பது என்றுகூட எனக்குத் தெரியாது. விற்றவன் ஒரு நாள் காட்டிக்கொடுத்தான், மற்றதெல்லாம் கையில் மை பூசி நானே படித்தது. கம்ப்யூட்டரும் அப்படித்தான். ஆங்கிலம் அகராதி வைத்துப் படித்தது. உன் அப்பா இறந்த பிறகு அந்தக் கடைதான் உன்னைக் கல்லூரியில் படிக்கவைத்தது. இதைச் சொல்லிக்காட்டுவதற்காக எழுதவில்லை. அந்தக் கடையில் நான் எப்படி வேலை செய்தேன் என்பதைச் சொல்வதற்காக எழுதுகிறேன்.

ஜெராக்ஸ் கடைக்கு வருகிறவர்கள் நல்ல நாளில் வருவது குறைவு. ஆஸ்பத்திரிச் சீட்டு, போலீஸில் கொடுக்கப்போகிற மனு, விவாகரத்து வக்கீல் நோட்டீஸ், பெண்ணின் ஜாதகம் அல்லது பயோடேட்டா, இறப்புச் சான்றிதழ். மயிலாடியிலிருந்து கல் பட்டறைக்காரர்கள் கல்லறைக் கல்லில் செதுக்க இறந்தவர்களின் படத்தைப் பெரிதாக்க வருவார்கள். கொடுப்பவர் கையிலிருந்து வாங்கியதும் எழுத்துள்ள பக்கத்தைக் கீழே பார்க்கவைத்துக் கண்ணாடியில் வைப்பேன். நகல் வந்ததும் அதையும் கவிழ்த்தே கொடுப்பேன். என் கண்ணில் ஒன்றுமே பட்டதில்லை என்று சொல்லமாட்டேன். பட்டது வாய்க்கு வந்ததில்லை. ஒருமுறை நம் சபையிலுள்ள ஒருவர் தன் இரத்தப் பரிசோதனைத் தாளை நகல் எடுக்க வந்தார். அவர் முகத்தைப் பார்த்தபோதே தெரிந்தது. அவர் மனைவி என்னோடு ஒரே வரிசையில் உட்காருகிறவள். அவர் இறந்து அடக்கம் முடிந்த பிறகுதான் அவருக்கு என்ன நோய் என்று அவளுக்குத் தெரிந்தது. 'உனக்கு முன்னமே தெரியுமா' என்று அவள் என்னைக் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருக்கமாட்டேன். அந்த மனிதர் என்னிடம் கொடுத்தது தாள். செய்தி இல்லை.

நீ பிளஸ் டூ விடுமுறையில் கடையில் வந்து உட்கார்ந்தாய். பக்கத்துத் தெருப் பெண்ணின் மதிப்பெண் பட்டியல் நகலுக்கு வந்தது. அன்று சாப்பிடும்போது நீ அதைச் சொல்லிச் சிரித்தாய். 'கணக்குல பதினொண்ணும்மா, எங்களுக்கெல்லாம் டீச்சர் மாதிரி நடப்பா' என்றாய். உன் அப்பாகூடச் சிரித்துவிட்டார். நான் தட்டை நகர்த்திவைத்துவிட்டுச் சொன்னேன், 'நாளையிலேர்ந்து நீ கடைக்கு வரண்டாம்.' நீ விளையாட்டு என்று நினைத்தாய். மறுநாள் வந்தாய், திருப்பி அனுப்பினேன். அதற்கடுத்த நாளும் வந்தாய். அந்த விடுமுறை முழுவதும் என்னோடு பேசாமல் இருந்தாய். நான் செய்தது சரிதான் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் ஏன் என்று உனக்கு உட்காரவைத்துச் சொல்லவில்லை. கடையை விட்டு வெளியே அனுப்பினால் போதும் என்று இருந்துவிட்டேன்.

பிறகு உன் கல்யாணம் முடிந்த வாரம், வட்டக்கோட்டைக்குப் போனோம். கோட்டை மதில்மேல் காற்று என்றால் அப்படி ஒரு காற்று. புடவை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நீ படம் எடுத்தாய். நாம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் பால் கொண்டுவருகிறவள், 'படம் பாத்தேன், நல்ல காத்து போலிருக்கே அக்கா' என்றாள்.  புது மருமகள் வந்த வீடு, சின்ன விஷயம் என்று விட்டேன். உன் கையில் இருப்பதெல்லாம் உன்னுடையது என்று நீ நினைப்பது எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது. வலது பக்கம். வலி இல்லை. பயம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. துவட்டிவிட்டு உடுத்திக்கொண்டு கடைக்குப் போனேன். இரண்டு ஆதார் அட்டை, ஒரு வில்லங்கச் சான்று, யாரோ ஒரு பிள்ளையின் கல்லூரி விண்ணப்பம். மத்தியானம் கடையை அடைத்து வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். சாப்பிட்ட பிறகு, போன லீவில் நீ எனக்கென்று விட்டுப்போன லேப்டாப்பைத் திறந்தேன். கடைக் கம்ப்யூட்டரில் எப்போதும் தோளுக்குப் பின்னால் ஒரு ஆள் நிற்கும், அதனால் வீட்டில்தான் தேடினேன். 'மார்பில் வலி இல்லாத கட்டி' என்று தமிழில் அடித்தேன். வாசித்தேன். மறுநாளும் வாசித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. எப்போது சொல்வது, யாரிடம் முதலில் சொல்வது என்று எனக்குள் ஒரு வரிசை போட்டுக்கொண்டிருந்தேன். அந்த வரிசையில் நீதான் முதல் ஆள். இதை நீ நம்ப வேண்டும்.

அந்த ஞாயிறு ஆராதனையில் அறிவிப்புகள் முடிந்து ஜெபக் குறிப்புகள் வந்தன. பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக, வீடு கட்டும் குடும்பத்துக்காக. பிறகு செயலாளர் வாசித்தார். 'பெயர் குறிப்பிட விரும்பாத ஒரு தாயாரின் மார்பிலுள்ள கட்டி கரைந்துபோகவும், தாயார் பூரண சுகம் பெறவும், கல்ஃபில் பணிபுரியும் மகன் காணிக்கை அனுப்பி ஜெபிக்கக் கேட்டிருக்கிறார்.' யாரோ ஒரு தாயார், பாவம் என்றுதான் முதலில் நினைத்தேன். கண்ணை மூடி மற்றவர்களோடு சேர்ந்து நானும் ஜெபித்தேன். பாதியில்தான் அது நான் என்று தெரிந்தது. தெரிந்த பிறகும் ஆமென் சொன்னேன். வேறென்ன செய்வது?

வெளியே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது கிரேஸ் மைனி வந்து கையைப் பிடித்தாள். மைனி என்னைவிட மூத்தவள், மதினி முறை, நம் வீட்டுக்கு எதிர்வீடு.

"ஏட்டி, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?"

"என்னத்த மைனி?"

"பேரு சொல்ல விரும்பாத தாயாருக்கு உள்ளத."

"அது நான்தான்னு யாரு சொன்னா?"

"கல்ஃபுல மகன் உள்ள தாயாருவ இந்தச் சபையில ரெண்டே பேருதான். மத்தது நான். எனக்கு இல்ல."

மைனி சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. இப்போது எழுதும்போது அது சிரிப்பான விஷயம் என்று தெரிகிறது. பெயரை மறைத்தோம் என்று நீயும் செயலாளரும் நிம்மதியாக இருந்திருப்பீர்கள். நம் சபையில் பெயர் சொல்ல விரும்பாதவர் என்றால் எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பும். அன்று என் பக்கம் திரும்பியது.

திங்கட்கிழமை கடையைத் திறந்தேன். வருகிறவர்கள் என் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அவர்கள் கண் கொஞ்சம் கீழே போய்விட்டு வந்தது. ஆண்கள், பெண்கள் எல்லாரும். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, தெரியும். ஒருத்தி முள் சீத்தாப்பழம் கொண்டுவந்து கல்லாமேல் வைத்தாள். அது கட்டியைக் கரைக்குமாம். இன்னொருத்தி அதன் இலையைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொன்னாள். 'நன்றி' என்று சொல்லி வாங்கிவைத்தேன். அந்த வாரம் வீடு முழுக்க அந்தப் பழத்தின் வாடைதான். டாக்டரைப் பார்க்கவில்லை, கட்டி என்ன கட்டி என்று தெரியாது. அதற்குள் ஊருக்கு மருந்து தெரிந்துவிட்டது.

உனக்கு எப்படித் தெரிந்தது என்று போனில் கேட்டேன்.

"மக்கா, உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலம்மா. நெட்ல தேடுனா எல்லாம் தெரிஞ்சிரும். நெட்ல ஒண்ணும் மறைக்க முடியாது."

"நான் மறைக்கலியே. சொல்லல, அவ்வளவுதான்."

"ரெண்டும் ஒண்ணுதானம்மா."

"ரெண்டும் ஒண்ணில்ல."

நீ அழ ஆரம்பித்தாய். உன் மனைவி போனை வாங்கி, 'மாமி, நாங்க ரெண்டு பேரும் உபவாசம் இருக்கோம்' என்றாள். சாப்பிடாமல் இருக்காதே, பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவள் என்று அவளுக்குச் சொல்லிவிட்டு வைத்தேன். நீ சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டேன். நெட்டில் போகிற வழியில் எங்கோ ஒழுகுகிறது, நீ அங்கிருந்து பார்க்கிறாய், வழியை அடைத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அடைக்கிற சாமானின் பெயர் எனக்கு உன்னிடமிருந்துதான் தெரியும். நீ இருக்கும் நாட்டில் தடை, படத்தோடு பேச முடியவில்லை என்று ஆரம்பத்தில் சொல்லிக்கொண்டிருந்தாய். ஒரு நாள் திடீரென்று உன் முகம் வந்தது. 'வி.பி.என். போட்டிருக்கேம்மா, ப்ரீதான். நான் வேற ஏதோ நாட்டுல இருக்கேன்னு நெனச்சுக்கிடும்' என்றாய். அது வேலை செய்தது, பார்த்துக்கொண்டோம். நீ என்னைப் பார்ப்பதற்காக அதைப் போட்டாய். நீ என்னைப் பார்க்காமல் இருப்பதற்காக நான் அதைத் தேடினேன்.

இலவச வி.பி.என். என்று தேடினால் வரிசையாக வந்தது. பிரவுசரிலேயே ஒட்டிக்கொள்ளும் ஒன்றை எடுத்தேன். எக்ஸ்டென்ஷன் என்கிறார்கள். பணம் வேண்டாம், பெயர் வேண்டாம், ஒரு அழுத்து அழுத்தினால் போதும் என்று போட்டிருந்தது. நட்சத்திரம் நிறைய. அழுத்தினேன். ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து அனுமதி கேட்டது, சரி என்று கொடுத்தேன். பிரவுசரின் மூலையில் சின்னக் கேடயம் ஒன்று வந்தது, சாம்பல் நிறம். அதைத் தட்டியதும் நாடு கேட்டது. சிங்கப்பூர் என்று போட்டேன். ஊரில் பாதிப் பேரின் பாஸ்போர்ட்டுக்கு நகல் எடுத்துக் கொடுத்திருக்கிறேன், எனக்கு எடுத்ததில்லை. கேடயம் பச்சையாயிற்று. 'நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள்' என்ற பொருளில் ஒரு வரி எழுதியது. நான் நம்பினேன். வேறு யாரும் அந்த வாரம் எனக்கு அப்படி எதுவும் சொல்லவில்லை.

பச்சை எரிந்த பிறகுதான் நான் உண்மையில் கேட்க வேண்டியதைக் கேட்டேன். புற்றுநோய் என்றால் எந்த நிலை என்று எப்படித் தெரியும்? சோதனைக்கு ஊசி போட்டுச் சதை எடுத்தால் பரவுமா? ஒரு மார்பை எடுத்தால் அந்தப் பக்கத்துக் கையால் பாரம் தூக்க முடியுமா, தாள் கட்டு தூக்க முடியுமா? முடி கொட்டினால் திரும்ப வருமா? எழுபதை நெருங்குகிறவளுக்கு எல்லா மருந்தும் கொடுப்பார்களா? வைத்தியமே செய்யாமல் விட்டால் எவ்வளவு நாள்? செய்தால் எவ்வளவு நாள்? இவ்வளவையும் நான் எந்த மனிதரிடமும் கேட்டதில்லை, ஜெபத்திலும் கேட்டதில்லை. மத்தியானம் மத்தியானமாக உட்கார்ந்து கேட்டேன். பதில்கள் ஒன்றுக்கொன்று முரணாகத்தான் இருந்தன. ஆனால் கேட்டது எனக்கு உதவியது. திருவனந்தபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நாள் குறித்தேன்.

சில நாளில் விளம்பரங்கள் மாறின. தேங்காய் விலை பார்க்கத் திறந்தால் பக்கத்தில் சவுரிமுடி. சபைப் பாட்டு ஒன்றின் வரி தேடினால் மேலே புற்றுநோய்க் காப்பீடு, நாற்பது வயதுக்காரி ஒருத்தி சிரித்துக்கொண்டு தலையில் துணி கட்டியிருந்தாள். எனக்குப் புரியாமல் இல்லை. நான் கவிழ்த்து வைத்த தாளை அடியிலிருந்து யாரோ படிக்கிறார்கள் என்று தெரிந்தது. அந்தக் கேடயம் கேட்ட அனுமதியை அப்போதுதான் தேடிப்பிடித்து அகராதி வைத்துப் படித்தேன். நான் போகும் எல்லாத் தளங்களிலும் இருக்கும் என் தகவல் அனைத்தையும் படிக்கவும் மாற்றவும் அதற்கு உரிமை உண்டு என்று இருந்தது. ஒளிக்காமல் எழுதியிருந்தான். படிக்காமல் சரி சொன்னது என் பிழை. என் கடையில் கையெழுத்துப் போட வருகிறவர்களிடம் 'முழுசும் வாசிச்சிட்டு போடுங்க' என்று சொல்கிறவள் நான்.

அந்த வாரம்தான் போதகர் ஐயா இரண்டு சபை மூப்பர்களோடு வீட்டுக்கு வந்தார். நாற்காலி போட்டேன். சாயா வேண்டாம் என்றார்கள். ஐயா நல்லவர், அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஜீவன் தேவன் குடுத்தது. நாமளா ஒரு முடிவு எடுக்கப்பிடாது."

"என்ன முடிவு ஐயா?"

"தம்பி போன்ல ரொம்ப அழுதாரு. மருந்து எடுக்காம விட்டா எத்தன நாளுன்னு நீங்க... அப்பிடி ஒரு நெனப்புல இருக்கியளோன்னு."

"கடையில ஒரு சாமான் வாங்கணும்னா ரெண்டு இடத்துல கேக்கமாட்டியளா ஐயா? நானும் கேட்டேன். வாங்கணும்னு இல்ல, வாங்கண்டாம்னும் இல்ல."

மூப்பர்களில் ஒருவருக்குச் சிரிப்பு வந்தது, இருமலாக மாற்றிக்கொண்டார். ஜெபம் செய்துவிட்டுப் போனார்கள். அடுத்த ஞாயிறு குறிப்பு மாறியிருந்தது. 'அந்தத் தாயாரின் சுகத்துக்காகவும், அவர் மனம் மாறும்படியாகவும்.' முதல் குறிப்பில் என் உடம்புதான் இருந்தது. இரண்டாவதில் என் புத்தியும் சேர்ந்தது.

அன்று போனில் நீதான் விளக்கினாய். நான் கத்தவில்லை, நீயும் கத்தவில்லை.

"அம்மா, வி.பி.என். போட்டா வெளியில உள்ளவனுக்குத்தான் நீங்க எங்க இருக்கியன்னு தெரியாது. லேப்டாப்புல இருக்குறது எனக்க கணக்கு. நீங்க தேடுறது அப்பிடியே எனக்க போன்ல வந்து நிக்கும்."

"இத நீ மொதல்லயே சொல்லலியே."

"சொன்னா நீங்க தேடமாட்டிய. அப்புறம் எனக்கு எப்பிடித் தெரியும்?"

 நீ அதோடு நிறுத்தாமல் புத்தி சொல்லத் தொடங்கினாய்.

"மொதல்ல அந்த ப்ரீ வி.பி.என்.ன எடுங்கம்மா. ஓசியில குடுக்குறவன் உங்க டேட்டாவ வித்துதான் பொழைக்கான்."

"அவன் வித்தான். நீ காணிக்கையும் சேத்துக் குடுத்த."

நீ போனை வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு உன் மனைவிதான் பேசுகிறாள்.

நீ சொன்னதில் ஒரு பாதி சரி. அதை ஒத்துக்கொள்கிறேன். அந்தக் கேடயத்தை எடுத்துவிட்டேன். உன் கணக்கிலிருந்து வெளியே வந்து எனக்கென்று ஒரு கணக்குத் தொடங்கினேன், கடவுச்சொல் என் தலைக்குள் இருக்கிறது. எக்ஸ்டென்ஷனை நீக்கும்போது ஒரு பக்கம் திறந்து, 'ஏன் எங்களை விட்டுப் போகிறீர்கள்?' என்று கேட்டது. நிதானமாக வாசித்தேன். காரணம் எழுதும் இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. ஆனால் கேட்டது. உள்ளே வரும்போதும் கேட்டது, போகும்போதும் கேட்டது. என் தகவலை விற்ற திருடன்தான், சந்தேகமில்லை. அவனுக்கு இருந்த அந்த ஒரு மரியாதை உனக்கு இல்லாமல் போயிற்று. வாத்தியார் எடுத்துவிடச் சொன்ன மூன்று இடங்களில் இது ஒன்று.

உனக்கும் ஒன்று சொல்கிறேன், கேட்பதும் கேட்காததும் உன் இஷ்டம். நீ என்னோடு பேசுவதற்குப் போட்டிருப்பதும் அதே ஜாதிச் சாமான்தான். உன் வங்கி, உன் கம்பெனி வேலை, என் பேத்தியின் முகம் எல்லாம் முன்பின் தெரியாத ஒருவன் கையால் போகிறது. அவன் யார், எந்த ஊர், எதை வைத்துக்கொள்கிறான் என்று நீ ஒரு நாளும் பார்த்திருக்கமாட்டாய். அதை எடு. உன் நாட்டில் அனுமதி உள்ள வழி எது என்று விசாரித்து அதில் பேசு. படம் இல்லாவிட்டால் குரல் போதும். குரலும் இல்லாவிட்டால் மாதம் ஒரு கடிதம் எழுது. பேத்தியின் முகத்தைப் பார்க்காமல் இருப்பேனா என்று கேட்டால், இருப்பேன். இப்போதெல்லாம் எதுவும் எனக்குப் பெரிதாகத் தோன்றுவதில்லை.

ஆஸ்பத்திரிக்குத் தனியாகத்தான் போனேன். காலை ரயிலில் நாகர்கோவிலிலிருந்து ஏறினேன். மலையாளத்து நர்ஸ், 'கூட ஆரு உண்டு?' என்று கேட்டாள். ஆரும் இல்லை என்றேன். 'மக்கள் இல்லே?' என்று பிள்ளைகளைக் கேட்டாள். உண்டு என்றேன். தகவல் சொல்ல வேண்டியவர் என்று ஒரு இடம் இருந்தது. அதில் என் பெயரையே எழுதினேன். வேறு ஆளின் பெயர் வேண்டும் என்றாள். இதுதான் ஆள் என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். மரத்துப்போக ஊசி போட்டார்கள், பிறகு வேறொரு ஊசியால் கட்டியிலிருந்து கொஞ்சம் சதை எடுத்தார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து மீன் கழுவினேன். அழுகை வரலாம் என்று அடுக்களையிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். வரவில்லை.

சோதனை முடிவும் வந்துவிட்டது. போய் வாங்கி வந்தேன். அது என்னவென்று இங்கே எழுதமாட்டேன். அதன்மேல் என்ன செய்வது, என்ன செய்யாமல் விடுவது என்று டாக்டரோடு உட்கார்ந்து பேசி நான் ஒன்று தீர்மானித்திருக்கிறேன். நீ சென்னையில் ஏதோ பெரிய ஆஸ்பத்திரியில் எனக்கு நாள் வாங்கி வைத்திருப்பதாக உன் மனைவி சொன்னாள். அதற்கு நான் வரவில்லை. ரத்து செய்துவிடு.

ஜெபக் குறிப்பை நிறுத்தச் சொல்லி நானே செயலாளரிடம் போனேன். சின்ன வயதுக்காரர், என்னை அக்கா என்பார். நம் கடையில்தான் இதழுக்கு நகல் எடுப்பார்.

"சுகமாயிட்டுன்னா ஸ்தோத்திரக் காணிக்கை வச்சு ஒரு வரி குடுங்கக்கா, எடுத்திரலாம்."

"சுகமாகலன்னா?"

"ஆகுறது வரைக்கும் வாசிப்போம்."

"ஆச்சா ஆகலையான்னு நான் சொல்லமாட்டேன். குறிப்ப மட்டும் எடுங்க."

"அது எப்பிடிக்கா? ஜெபத்த நிறுத்துன்னு ஒருத்தர் சொல்லி நான் கேட்டதே இல்ல. அதுவும் கேட்டது தம்பி. அவரு சொல்லட்டும், எடுக்கேன்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. நம் சபையில் ஒரு பெயர் குறிப்பிலிருந்து போவதற்கு இரண்டு வழிதான் இதுவரை இருந்திருக்கிறது. ஒன்று சாட்சி சொல்லி நன்றிக் காணிக்கை வைப்பது. மற்றது அடக்க ஆராதனை. இரண்டிலும் ஊருக்குப் பதில் தெரிந்துவிடும். எனக்கு மூன்றாவது வழி வேண்டும். ஜெபத்தை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கிரேஸ் மைனி தினமும் காலையில் எதிர்வீட்டுக் கதவுப் பக்கம் நின்று எனக்காக ஜெபிக்கிறாள், சத்தம் கேட்கும். அதை நான் நிறுத்தச் சொன்னதில்லை. மைக்கில் வேண்டாம் என்கிறேன், அவ்வளவுதான்.

நீ செயலாளருக்கு ஒரு வரி அனுப்பு. 'அம்மாவைப் பற்றிய குறிப்பை எடுத்துவிடுங்கள்' என்று மட்டும். காரணம் எழுதாதே, மன்னிப்பும் எழுதாதே. எடுத்தால் அம்மா முடிவைச் சொல்வாள் என்று கணக்குப் போட்டுக்கொண்டு எடுக்காதே. இது பேரம் இல்லை. அந்தச் செய்தி என்னுடையது, அதனால் எடுக்கச் சொல்கிறேன்.

வரும் வெள்ளிக்கிழமை நீ வருகிறாய். லீவு போட்டாய், டிக்கெட் எடுத்தாய், சாப்பிடாமல் கிடந்தாய், அழுதாய், போதகரை அனுப்பினாய், நான் அடித்த எழுத்து ஒவ்வொன்றையும் தூரதேசத்தில் உட்கார்ந்து வாசித்தாய். உன் அன்பை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் யோசித்துப் பார். இத்தனை வாரத்தில், எத்தனையோ முறை பேசியிருக்கிறோம், 'அம்மா, உங்களுக்கு என்ன?' என்று என்னிடம் நீ ஒரு முறைகூடக் கேட்கவில்லை. உனக்குத்தான் தெரிந்திருந்ததே. முதல் வாரம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இப்போது கேட்டால் சொல்வேனா என்று எனக்கே தெரியாது.

பெட்டியை வீட்டில் வைத்துவிட்டுக் கடைக்கு வா. உள்ளே வரலாம். நகலுக்கு ஆள் நின்றால் அவர்கள் வேலை முடியும்வரை உட்காரு. போன் சட்டைப்பையிலேயே இருக்கட்டும். ஆள் போன பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேள். நான் பதில் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், நீ கேள்.

உன் அம்மா